அறம்வளர்த்தாள் வீட்டுப் பள்ளம்

உலகத்துப் பங்குச்சந்தைகளெல்லாம் ஒன்றையொன்று பார்த்துச் சரிந்த அந்தத் திங்கட்கிழமை, வெயிலைத் தவிர வேறெதுவும் தாராளமாகக் கிடைக்காத ஓணாம்பாறை என்னும் கரிசல்காட்டு ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்த அறம்வளர்த்தாளின் வீட்டு முன்னறைத் தரை, காலை ஒன்பதேகால் மணிக்குப் பிறகு, யாரும் தொடாமல், ஓசை எதுவும் எழுப்பாமல், ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே இறங்கியது.

இடிந்து விழவில்லை, விரிசல்கூட விடவில்லை. இரண்டு கட்டில் போடும் அகலத்துக்குத் தரை, பதித்த ஓடுகளோடும், ஓடுகளின் மேல் விரித்த பாயோடும், பாயின் மேல் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவள் கணவர் கோமதிநாயகத்தோடும், பெரிய கடைகளில் லிஃப்ட் இறங்குமே அதுபோலப் பதமாக இறங்கி நின்றது. கோமதிநாயகம் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியர், கோடை விடுமுறை, எதற்கும் பதறாத மனிதர். கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அறம், தரை கொஞ்சம் இறங்கியிருக்கு, பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் அவள். நிலைப்படியில் சாய்ந்து நின்றவளின் கையில் கைபேசி இருந்தது. அதன் முகம் மேலிருந்து கீழ்வரை சிவந்து கிடந்தது. என்ன இறங்கியிருக்கிறது, எதனால் இறங்கியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை.

இருந்தாலும் முறைக்குக் கொத்தனார் இசக்கிமுத்துவை வரவழைத்தார்கள். அவர் கரையான் பார்த்தார், அஸ்திவாரம் பார்த்தார், ஒன்றும் தட்டுப்படாமல் ஒரு வண்டி சரளையைக் கொண்டுவந்து கொட்டினார். சரளை முழுவதும் பள்ளத்துக்குள் போயிற்று, பள்ளம் அதே ஒரு சாண் ஆழத்தில் அப்படியே இருந்தது, சரளையைக் காணவில்லை. இசக்கிமுத்து தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யக்கா, இது மண்ணு கேக்கல. வேற என்னமோ கேக்குது. அதை நீங்கதான் பாத்துக்கிடணும்" என்று சொல்லிவிட்டு, கூலி வாங்காமல் போய்விட்டார்.

அன்றைக்குப் பகல் சாப்பாட்டின்போதுதான் அவள் கணவரிடம் சொன்னாள். மாடி கட்டுவதற்கென்று இருவரும் சேர்த்துவைத்ததில் பெரும்பகுதியை எடுத்து, நாலு வருடக் கெடுவில், சந்தை ஏறும் என்று நம்பி ஆப்ஷன் வாங்கியிருக்கிறாள். வருடக்கணக்காகச் சந்தையைக் கவனித்தவள்தான். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும் நேரம்போக மிச்ச நேரமெல்லாம் அதைத்தான் படித்தாள். கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை.

"ஆப்ஷன்னா என்னது?" என்றார் கோமதிநாயகம்.

"ஒரு மனைக்கு அச்சாரம் குடுத்து வைக்கோம்லா, அது மாதிரிதான். நாலு வருஷத்துக்குள்ள எப்ப வேணும்னாலும் இன்ன விலைக்கு எனக்குத்தான்னு சொல்லி வச்சிருக்கேன். மனை விலை ஏறிட்டா அச்சாரத்துக்கே மதிப்பு ஏறிரும், அதையே கை மாத்தி விட்டுறலாம்."

"ஏறலன்னா?"

"அச்சாரம் போயிரும். ஏறாம சும்மா கெடந்தாலும் நாள் ஆக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக் கரையும், தட்டுல வச்ச சூடம் மாதிரி."

"அச்சாரத்துக்கு மேல ஏதும் கேப்பானா?"

"கேக்க மாட்டான். குடுத்ததுதான் போகும்."

கோமதிநாயகம் ரசத்தைக் குடித்துவிட்டுப் பள்ளத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "அப்போ இதுக்கும் அடின்னு ஒண்ணு உண்டு" என்றார். அடி இருக்கிறது என்று தெரிந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு மாடியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

தரகு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் குரல் தேன் ஒழுகப் பேசியது. "மேடம், நீங்க லாங் டேர்ம் எடுத்திருக்கீங்க, பயப்படவே வேண்டாம். இந்த விலையில இன்னும் ரெண்டு லாட் எடுத்துப் போட்டீங்கன்னா உங்க சராசரி விலை கீழ வந்துடும், கொஞ்சம் ஏறினாலே வெளிய வந்துடலாம்." தொலைத்த இடத்திலேயே தேட வேண்டும் என்று மனசும் சொன்னது. அறம்வளர்த்தாள் இரண்டு வளையல்களைக் கொண்டுபோய் அடகு வைத்து இன்னும் இரண்டு லாட், அதாவது சந்தையில் பிரிக்காமல் விற்கும் இரண்டு கட்டு, வாங்கினாள். பள்ளம் உடனே நாலு விரற்கடை மேலே வந்தது. வந்த கையோடு, பூசையறை வாசல் வரைக்கும் ஒரு பக்கமும் அடுப்படி வாசல் வரைக்கும் மறு பக்கமும் அகன்றது. அகன்ற மேனிக்கே ஒரு வாரத்தில் ஆளுயரம் இறங்கியது. கோமதிநாயகம் எங்கிருந்தோ ஒரு தேக்குப் பலகையைத் தேடிப் பிடித்து, அடுப்படிக்குப் போக அதன் குறுக்கே போட்டார். அடுத்த முறை அந்தப் பெண் கூப்பிட்டபோது அறம்வளர்த்தாள் எடுக்கவில்லை.

ஊர் வந்து பார்த்தது. வந்தவர்கள் எல்லோரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, எட்டிப் பார்த்து, "ஆத்தாடி" என்று ஒருமுறை சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். வியந்து முடிக்க ஓணாம்பாறைக்கு ஒரு வாரம் பிடித்தது, பழகிக்கொள்ள அதுகூடப் பிடிக்கவில்லை. பள்ளம் சந்தை நேரத்தில்தான் அசையும், மாலை மூன்றரை மணிக்கு மேல் மூச்சுவிடாமல் கிடக்கும், சனி ஞாயிறு லீவு என்பதெல்லாம் அந்த ஊருக்கு ராகுகாலம் எமகண்டம் போலத் தெரிந்துபோயிற்று. கீரைக்காரி கூடையை இறக்கும்போதே, "இன்னைக்கு பம்பாயில ஏதோ பண்டிகையாம்லா, குழி அசையாது, நிம்மதியாப் பாயை விரிங்க" என்று சொல்லுமளவுக்கு விவரம் சேர்ந்தது. தேநீர்க்கடைத் தொலைக்காட்சியில் பாட்டுப் போடுவதை நிறுத்திச் சந்தைச் செய்தி போட்டார்கள். அறம்வளர்த்தாளை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் யாராவது வெளியூர்க்காரர் "எவ்வளவு போச்சாம்?" என்று ஆரம்பித்தால், "ரெண்டு ஆள் ஆழம்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். அந்த ஊரில் நட்டத்தைக் கேட்பதற்கும் சொல்வதற்கும் அதுவே அளவாயிற்று.

அடுத்த வருடம் மழை பொய்த்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஓணாம்பாறையில் எங்கே தோண்டினாலும் உப்புத்தான். குடிப்பதற்குக் குழாயில் வருவதுதான் தண்ணீர். அந்தக் குழாயும் நினைத்தால் வரும், மறந்தால் வராது. தெருவில் குடங்கள் நாள்கணக்காக வரிசையில் காத்துக் கிடந்தன, பச்சையும் நீலமுமாக வெயிலில் வெளிறி.

அந்தக் கோடையில் ஒரு புதன்கிழமை, எங்கோ தூர தேசத்தில் ஒரு வங்கி மூழ்கியதாகச் செய்தி வந்து, சந்தை காலையில் விழுந்து, மதியம் விழுந்து, மூடுகிற நேரத்தில் தலைகுப்புற விழுந்தது. கடையிலிருந்த அறம்வளர்த்தாள் கைபேசியைப் பார்க்கவில்லை. பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எதிர்வீட்டுப் புஷ்பவல்லிதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். கைத்தறிச் சேலைக்குக் கரை தைத்துக் கொடுப்பவள். வாயும் மனசும் ஒன்றாக இருப்பவள்.

"மதினி, வீட்டுக்கு வாங்க. உங்க பள்ளத்துல தண்ணி கெடக்கு."

போய்ப் பார்த்தபோது பள்ளம் கிணற்றாழத்துக்கு இறங்கியிருந்தது. அடியில், பதித்த ஓடுகளின் பூவேலை தெரிகிற மாதிரி, தெளிந்த தண்ணீர் நின்றது. கோமதிநாயகம் தூக்குவாளியில் கயிறு கட்டி இறக்கி மொண்டு, தான் ஒரு வாய் குடித்துவிட்டு, மனைவியிடம் கொடுத்தார். உப்பு இல்லை. பதநீரில் பாதி இனிப்பு இருந்தது. அறம்வளர்த்தாள் வாளியை அப்படியே புஷ்பவல்லியிடம் நீட்டினாள். அவள் குடித்தாள், இன்னொரு முறை குடித்தாள், வெளியே போய்த் தன்னுடைய இரண்டு குடங்களையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அப்படித்தான் அந்த வீடு ஊருக்குத் திறந்தது. மின்விசிறி மாட்டும் கொக்கியில் இசக்கிமுத்து உருளை கட்டிக் கொடுத்தார். செருப்பை வாசலில் விட வேண்டும், பூசையறைப் பக்கம் குடம் வைக்கக் கூடாது, வீட்டுக்காரர் தூங்கும் மதிய நேரத்தில் சத்தம் கூடாது என்று பெண்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். யார் முன்னே யார் பின்னே என்று தெருக்குழாயில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள், ஒரு குடும்பத்தின் முன்னறையில் நிற்கிறோம் என்ற கூச்சத்தில், "நீங்க எடுங்க", "இல்ல, நீங்க எடுங்க" என்றார்கள். புதுப்பெண்களைக் கூட்டிவந்து தண்ணீரில் முகம் பார்க்கச் சொல்லும் வழக்கம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. அறம்வளர்த்தாள் கடையிலிருந்து திரும்பும்போது அடுப்படியில் யாராவது வைத்துவிட்டுப் போன குழம்பு மூடியிருக்கும்; ஒருநாள் சுண்டைவற்றல், ஒருநாள் கருவாடு. அவள் சைவம் என்பது நினைவு வந்து, கருவாட்டுக்காரி ஓடிவந்து எடுத்துக்கொண்டு போவாள்.

தண்ணீர் நிலைக்க வேண்டுமே என்று தெருப்பெண்கள் எல்லோரும் சேர்ந்து அம்மன் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தார்கள். யார் பேருக்கு என்று பூசாரி கேட்டார். சந்தைக் குறியீட்டெண்ணின் பேருக்கு என்றார்கள். நட்சத்திரம் என்ன என்று கேட்டார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"திருவாதிரைன்னு போடுங்க சாமி" என்றாள் புஷ்பவல்லி. "ஏறவும் வேண்டாம் எறங்கவும் வேண்டாம், இருக்க எடத்துல இருக்கணும்னு சொல்லுங்க."

இது அறம்வளர்த்தாளின் காதுக்கு வராமல் இருக்குமா? வந்தது. அவள் சிரித்தாள். தன் வாழ்நாளில் தனக்கு எதிராக நடந்த அர்ச்சனை அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அர்ச்சனை பலிக்கவில்லை. ஆடி மாதம் சந்தை ஏறியது. ஒவ்வொரு நாளும் ஏறியது. பள்ளத்தின் தரை முழம் முழமாக மேலே வந்தது, வர வரத் தண்ணீர் ஓடுகளின் இடுக்கு வழியே உள்வாங்கிக் கொண்டது, வெள்ளிக்கிழமை பகலில் இறக்கிய வாளி கணீரென்று ஓட்டில் மோதி, குருவி குடிக்கும் அளவுக்கு நனைந்து மேலே வந்தது. பெண்கள் குடங்களை இடுப்பில் வைத்தபடி பள்ளத்தைச் சுற்றி நின்றார்கள். அறம்வளர்த்தாள் கைபேசியில் பச்சையைப் பார்த்தாள், பார்த்த சந்தோஷம் முகத்துக்கு வந்துவிடுமோ என்று அடுப்படிக்குள் போனாள். புஷ்பவல்லி பலகையின் மேல் நடந்து பின்னாலேயே வந்தாள்.

"தப்பா நெனைக்காதீய மதினி. உங்களுக்கு நட்டம் வரணும்னு நாங்க வேண்டல. தண்ணி நிக்கணும்னுதான் வேண்டினோம். ரெண்டும் ஒண்ணாப் போச்சு, நாங்க என்ன செய்ய? நீங்க சந்தோசப்படுங்க. எங்களுக்காக மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்காதீய, பாக்கச் சகிக்கல."

"போட்டதுல பாதிகூட வரல புஷ்பம், இன்னும்" என்றாள் அறம்வளர்த்தாள், தன்னையறியாமல்.

"வரட்டும்" என்றாள் புஷ்பவல்லி. குரலில் கோபம் இல்லை. வெறும் குடத்தோடு போனாள்.

ஆனால் அந்த ஏற்றம் ஆவணி வரை தாங்கவில்லை. சந்தை மறுபடி தொங்கியது, தரை மறுபடி இறங்கியது, தண்ணீர் திரும்பி வந்தது, பெண்களும் வந்தார்கள். இப்போது அவள் ஒன்றைக் கவனித்தாள்: சந்தை எந்தப் பக்கமும் போகாமல் சும்மா கிடந்த நாட்களிலும் தரை ஒரு நூல், அரை நூல் இறங்கிக்கொண்டேயிருந்தது. இரண்டு வருடம் போய்விட்டது. ஏறும்போது ஏறுவதைவிட, சும்மா இருக்கும்போது கரைவது கூடுதலாகிக்கொண்டு வந்தது. இருந்தும் அவள் விற்கவில்லை. விற்றால் அது நட்டம். விற்காதவரை அது வெறும் பள்ளம் என்று சொல்லிக்கொண்டாள்.

மருந்து மொத்த வியாபாரியின் ஆள் ஜெபமணி மாதம் ஒருமுறை வருவார். காலாவதி நெருங்கும் சரக்கை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம். அந்த மாதம் அறம்வளர்த்தாள் அலமாரியைத் துழாவி இருமல் மருந்துப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தாள்.

"இன்னும் நாலு மாசம் நாள் கெடக்கேக்கா" என்றார் ஜெபமணி. "வச்சிருந்தா வித்துறாதா?"

"இருமல் சீசன் முடிஞ்சு போச்சு தம்பி. வச்சிருந்தா நாள்தான் கொறையும், சரக்கு கூடாது. இப்போ குடுத்தா பாதியாவது வரும். நாள் முடிஞ்சப்புறம் குடுத்தா யாரு வாங்குவா? குப்பைதான்."

சொல்லிவிட்டு, பெட்டியை இரண்டு கையிலும் பிடித்தபடி அப்படியே நின்றாள். ஜெபமணி கையை நீட்டிக்கொண்டு நின்றார். இருபது வருடமாக அட்டைக்கு அட்டை தேதியைப் பார்த்துப் பிழைத்தவள் அவள். எந்த மருந்தையும் வாங்கிய விலைக்காக வைத்துக்கொண்டு அழுததில்லை.

"யக்கா, பெட்டி."

"இந்தா" என்று கொடுத்தாள்.

அன்றிலிருந்து அவள் தன்னிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். எவ்வளவு போட்டேன், எவ்வளவு போயிற்று என்பதல்ல அந்தக் கேள்வி. இது இன்றைக்கு என் கையில் இல்லாமலிருந்தால், இன்றைய விலைக்கு, மிச்சமுள்ள இத்தனை நாளுக்காக, இதை நான் வாங்குவேனா? ஒவ்வொரு லாட்டையும் தனித்தனியே எடுத்து வைத்துக் கேட்டாள். பெரும்பாலானவற்றுக்கு வாங்கமாட்டேன் என்றே பதில் வந்தது. சந்தை சின்னதாக மூச்சுவிட்டு ஏறிய ஒரு நாளில், கடை மேசையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை அடுக்கிக்கொண்டே, முதல் லாட்டை விற்றாள். விற்றதும் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்; அடுத்து வந்தவருக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போனபோது பெண்கள் எல்லோரும் ஒரே பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தில் வாசல் ஓரமாக ஒரு வரிசைத் தரை மட்டும், மற்றதைவிட்டுப் பிரிந்து, அன்றைக்கு இருந்த ஆழத்திலேயே நின்றுவிட்டது. மறுநாள் சந்தை விழுந்தது, மற்றத் தரை இறங்கியது, அந்த வரிசை அசையவில்லை. இசக்கிமுத்து வந்து தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார், மேலே ஏறி நின்று குதித்தும் பார்த்தார்.

"பாறை மாதிரி நிக்குதுக்கா. இது இனி ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது. என்ன செஞ்சீய?"

"ஒண்ணை முடிச்சு விட்டேன்."

"அப்படின்னா இது படிதான்" என்றார் இசக்கிமுத்து.

அந்தப் படி வரைக்கும் ஏணி வைத்து இறங்கி, அங்கே நின்று மொள்ள முடிந்தது. கயிறு இழுத்துக் கை காய்த்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி. அறம்வளர்த்தாள் அவசரப்படவில்லை. சந்தை தலையைத் தூக்கும் நாளுக்குக் காத்திருந்து, கேள்வியைக் கேட்டு, வாங்கமாட்டேன் என்று பதில் வந்ததை விற்றாள். நாள் கரைந்துகொண்டே போனதால் ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிடத் தாழ்ந்த விலைதான் கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிடத் தாழ்ந்த படி ஒன்று நிலைத்தது. வந்த பணத்தில் முதலில் வளையல்களை மீட்டாள். மீதத்தைப் பொதுத்துறை நிறுவனக் கடன் பத்திரத்தில் போட்டுவைத்தாள், அது ஏறவும் செய்யாது குழி பறிக்கவும் செய்யாது என்று. கோமதிநாயகம் புதுப்படிகளின் ஓரங்களில், ஈரத்தில் வழுக்கும் இடம் எது என்று பெண்களுக்குத் தெரிய, காவிப் பட்டை அடித்து வைத்தார். அடிக்கும்போது, பல மாதங்களுக்குப் பிறகு, மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் இரண்டு லாட் மிஞ்சியது. கீழ்த்தரை அதுதான், தண்ணீர் நின்றதும் அதன் மேல்தான். கெடு முடிய இன்னும் ஒரு கோடை இருந்தது. அந்த இரண்டையும் பற்றிக் கேட்டபோதெல்லாம் பதில் பிடிகொடுக்காமல் நழுவியது. இருக்கட்டும் என்று விட்டுவைத்தாள்.

பங்குனியில் ஒருநாள் காலை, மழைக்கான அறிகுறியே இல்லாத வெளிறிய வானத்தின் கீழ், சந்தை திறந்ததுமே பாய்ந்தது. என்னவோ தேர்தல் முடிவாம், என்னவோ வட்டிக் குறைப்பாம், தொலைக்காட்சியில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசிப் படிக்குக் கீழே தண்ணீருக்குள் நின்று மொண்டுகொண்டிருந்த புஷ்பவல்லி, இடுப்பளவு இருந்த தண்ணீர் தொடையளவுக்கு வந்ததைப் பார்த்தாள், கீழ்த்தரை உயர்ந்துகொண்டிருப்பதைக் காலால் உணர்ந்தாள். மேலே பார்த்தாள். பலகையின் நடுவே அறம்வளர்த்தாள் கைபேசியோடு நின்றாள்.

புஷ்பவல்லி நிறைந்த குடத்தை எடுத்துக்கொண்டு படியேறி வெளியே போனாள். அவளைப் பார்த்து அடுத்தவள் போனாள். நிறைந்த குடமும் வெறுங்குடமுமாகப் பெண்கள் அத்தனை பேரும் வாசலைத் தாண்டிப் போனார்கள். கடைசியாகப் போனவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். தங்கள் முகம் அவள் கண்ணில் படக்கூடாது என்று போகிறார்கள் என்பது அறம்வளர்த்தாளுக்குப் புரிந்தது. ஆயிரம் பேர் காலில் விழுந்து விற்கச் சொல்லிக் கேட்டிருந்தால்கூட அவளால் "முடியாது" என்று சொல்லியிருக்க முடியும்; கேட்காமல் போகிறவர்களிடம் அதைச் சொல்ல வழியில்லை.

வீடு அமைதியாயிற்று. தண்ணீர் உள்வாங்கும் சத்தம் மட்டும், சின்னக் குழந்தை பால் குடிப்பதுபோல, கீழேயிருந்து கேட்டது. அவள் தன் கேள்வியைக் கேட்டாள். இன்றைக்கு இது என் கையில் இல்லாவிட்டால் வாங்குவேனா? வாங்குவாள். அதுதான் உண்மை; இன்னும் ஒரு கோடை இருக்கிறது, காற்று திரும்பியிருக்கிறது, இவ்வளவு நாள் கைகொடுத்த கேள்வி இன்றைக்கு வைத்துக்கொள் என்கிறது. கோமதிநாயகம் பள்ளிக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன செய்யன்னு கேக்கியா?"

"கேக்கல."

"கேட்டாலும் எனக்குத் தெரியாது" என்றார். "நீ எதைச் செஞ்சாலும் சாயங்காலம் நான் இந்த வீட்டுக்குத்தான் வருவேன்." குடையை எடுத்துக்கொண்டு, பெண்கள் சாத்திய கதவைத் திறந்து, திரும்பவும் சாத்திவிட்டுப் போனார்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அறம்வளர்த்தாளுக்குத் தெய்வம் எதுவும் தோன்றவில்லை, மனம் நெகிழவில்லை, கண் கலங்கவும் இல்லை. விலை கூடப்போகும் ஒன்றை விடுகிறோம் என்று தெரிந்தேதான் விரலை வைத்தாள். தெரிந்தேதான் அழுத்தினாள். இரண்டும் விற்றுப்போயின. பள்ளத்துக்கு அடியில் தரை லேசாக ஒருமுறை அதிர்ந்து நின்றது. அதன் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஆடி, ஆடி, அடங்கியது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால், போட்டதில் கால்வாசிக்கும் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பி வந்திருந்தது. அவள் போய்க் கதவைத் திறந்தாள். தெரு முழுக்கப் பெண்கள் வெயிலில் நின்றிருந்தார்கள்.

"வாங்க" என்றாள். "நேரமாச்சுல்லா, கஞ்சி காய்ச்ச வேண்டாமா?"

அதற்குப் பிறகு சந்தை ஏறியது. சித்திரையில் ஏறியது, வைகாசியில் ஏறியது, தேநீர்க்கடையில் ஆட்கள் அண்ணாந்து பார்க்குமளவுக்கு ஏறி, அந்த இரண்டு லாட்டும் கையிலிருந்திருந்தால் போட்ட மொத்தத்தையும் மீட்டுக் கொடுத்திருக்கும் என்ற இடத்துக்குப் போய் நின்றது. அந்தச் செய்தி வந்த மதியம் யாரும் அறம்வளர்த்தாளின் கடைக்கு வரவில்லை. தலைவலி வந்தவர்கள்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். அவள் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் முறையாக, அந்தப் படிகளில் இறங்கினாள். இத்தனை நாளும் மேலே பலகையில் நின்று பார்த்ததோடு சரி. ஒவ்வொரு படியும் எந்த மாதத்தில் நின்றது என்று அவளுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொன்றிலும் கால் ஊன்றி இறங்கினாள். கீழே குளிர்ச்சியாக இருந்தது. கடைசிப் படியில் புஷ்பவல்லி தண்ணீருக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கி வருபவளைப் பார்த்ததும் எழப்போனாள்.

"உக்காரு" என்றாள் அறம்வளர்த்தாள்.

"டீக்கடையில சொன்னாக மதினி." புஷ்பவல்லி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "வருத்தமா இருக்கா?"

"இருக்கு."

"ரொம்பவா?"

"இன்னைக்கு ரொம்ப" என்றாள் அறம்வளர்த்தாள். "கொஞ்சம் தள்ளி உக்காரு புஷ்பம், நானும் காலை நனைக்கணும்."

புஷ்பவல்லி தள்ளி உட்கார்ந்தாள்.